நாடகம் முடிந்ததும் அவர்கள் எங்கே போவார்கள்?

புற்றுநோய் விழிப்புணர்வுக்காக எழுதப்பட்டு என் மேஜைக்கு வரும் நாடகப் பிரதிகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் முடிகின்றன. மூன்றாவது காட்சியில் அம்மாவுக்குக் கட்டி இருப்பது தெரிகிறது. ஐந்தாவது காட்சியில் அவர் இறந்துவிடுகிறார். பின்னணியில் ஒரு குரல், 'விழித்துக்கொள்ளுங்கள்' என்கிறது. எழுதியவர்களின் அக்கறையில் எந்தக் குறையும் இல்லை. மருத்துவ விவரங்கள் சரியா என்று பார்க்கத்தான் புற்றுநோய் மருத்துவரான என்னிடம் கொடுக்கிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு: "அந்த அம்மாவைச் சாகடித்தே ஆகணுமா?"

இதை விளையாட்டாகக் கேட்கவில்லை. எந்தக் கூட்டத்திலும் ஏற்கனவே ஏதோ ஒரு மாற்றத்தைக் கவனித்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருப்பவர் ஒருவராவது உட்கார்ந்திருக்கலாம். நாடகம் அவருக்காகத்தான். அவர் ராத்திரியெல்லாம் தூங்காமல் நினைத்துக் கிடந்ததையே மேடையில் நடித்துக் காட்டினால், வீட்டுக்குப் போய் இன்னும் ஆழமாக மறைத்துவைப்பார். பயமுறுத்தினால் ஆள் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவார் என்பது நம் எண்ணம். நோய் முற்றிய பிறகு வருபவர்களிடம் பேசிப் பார்த்தால் தெரியும், பலர் அறியாமல் இருந்தவர்கள் இல்லை. அறிந்து, பயந்து, தள்ளிப்போட்டவர்கள்.

அம்மாவைக் காப்பாற்றுவதற்காக மருத்துவத்தை வளைக்கவும் தேவையில்லை. மார்பில் தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை. புற்றாக இருப்பவை தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. அதனால்தான் 'வலிக்கலையே, பார்த்துக்கலாம்' என்ற வசனம் இவ்வளவு ஆபத்தானது. கருப்பைவாய்ப் புற்றுநோய் உருவாகப் பொதுவாகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஹெச்.பி.வி. என்ற வைரஸின் தொற்று நீடித்து, செல்கள் மெல்ல மாறி, அதன் பிறகே புற்றாகிறது. அந்த இடைக்காலத்தில் கண்டுபிடித்தால் சிறிய சிகிச்சையிலேயே மாறிய திசுவை நீக்கிவிடலாம். 2022இல் உலகம் முழுவதும் புதிதாகப் புற்றுநோய் வந்தவர்கள் சுமார் 2 கோடிப் பேர், இறந்தவர்கள் சுமார் 97 லட்சம் பேர். புற்றுநோய்களில் 30 முதல் 50 சதவீதம் வரை தடுக்கக்கூடியவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆகவே அம்மா பிழைப்பதுபோல் எழுதினால் அது பொய்யாகிவிடாது.

நான் அதிகம் நம்புவது பாதியில் நிற்கும் நாடகத்தை. பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவால் 1973இல் பெரு நாட்டின் எழுத்தறிவுத் திட்டத்தில் வேலை செய்தபோது, சிக்கலான இடத்தில் நாடகத்தை நிறுத்தி, அடுத்து என்ன செய்யலாம் என்று பார்வையாளர்களைக் கேட்பார். அவர்கள் சொல்வதை நடிகர்கள் நடிப்பார்கள். ஒருநாள், தான் சொன்னதை நடிகர்கள் சரியாகச் செய்யவில்லை என்று பொறுமையிழந்த ஒரு பெண்மணி தானே மேடையேறிவிட்டார். பார்வையாளரே நடிகராகும் மன்ற அரங்கு என்ற வடிவம் அங்கிருந்து வளர்ந்தது.

எங்கள் பகுதிக் குழு இதைச் செய்துபார்த்தபோது நான் கூடவே இருந்தேன். கட்டியைக் கவனித்த பெண் ஒன்றும் பேசாமல் துணி மடிக்கும் இடத்தில் நாடகம் நின்றது. "இவங்க இப்ப என்ன செய்யணும்?" என்று நடத்துநர் கேட்டார். முன்வரிசையிலிருந்து உடனே பதில்: "டாக்டர்கிட்ட போகணும்." சரியான விடை எல்லோருக்கும் தெரியும், அதில் சிக்கலே இல்லை. "சரி, நீங்களே வந்து போங்க" என்றார் நடத்துநர். அந்தப் பெண்மணி சிரித்துக்கொண்டே மேடையேறினார். கணவராக நடித்தவர், "நாளைக்கு எனக்கு ஷிஃப்ட். வாரக் கடைசில பாத்துக்கலாமே" என்றார். மாமியார், "பொண்ணுக்குப் பரீட்சை முடியட்டும்" என்றார். ஏறியவருக்குப் பேச்சு வரவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு பெரியம்மா கத்தினார்: "அவன்கிட்ட ஏம்மா கேட்டுக்கிட்டு நிக்கிற? உங்க அக்காவக் கூட்டிக்கிட்டுக் கிளம்பு!" அரங்கமே சிரித்தது. அதற்குப் பிறகுதான் நிஜமான கேள்விகள் வந்தன. அங்கே ஆம்பளை டாக்டர் இருந்தா? எல்லாத்தையும் கழட்டச் சொல்வாங்களா? அறுத்துப் பாத்தா பரவிடும்ங்கறாங்களே? ஓரமாக நின்றிருந்த செவிலியர் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார். திசுவை எடுத்துச் சோதிக்கும் பயாப்சி ஊசியால் நோய் பரவிவிடும் என்ற பயத்துக்கு மட்டும் பத்து நிமிடம் பிடித்தது. நான் சொற்பொழிவாற்றியிருந்தால் இதில் ஒரு கேள்விகூட வெளியே வந்திருக்காது.

இளஞ்சிவப்பு ரிப்பனைப் பற்றியும் சொல்லவேண்டும், அதன் கதை பலருக்குத் தெரியாது. கலிஃபோர்னியாவில் சார்லட் ஹேலி என்ற அம்மையார் 1990களின் தொடக்கத்தில் வீட்டில் உட்கார்ந்து ரிப்பன் செய்தார். அவருடைய பாட்டி, சகோதரி, மகள் மூவருக்குமே மார்பகப் புற்றுநோய் வந்திருந்தது. அவர் செய்த ரிப்பனின் நிறம் பீச் பழ நிறம். ஒவ்வொரு ஐந்து ரிப்பன்களுடனும் ஓர் அட்டை வைத்தார். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆண்டு பட்ஜெட்டில் 5 சதவீதம்தான் நோய்த் தடுப்புக்குப் போகிறது, சட்டமன்ற உறுப்பினர்களைத் தட்டி எழுப்ப இதை அணியுங்கள் என்பது அட்டையில் இருந்த செய்தி. ஒரு பத்திரிகையும் ஓர் அழகுசாதன நிறுவனமும் 1992இல் அந்த ரிப்பனைக் கேட்டன. வணிகமாகிவிடும் என்று அவர் மறுத்தார். வழக்கறிஞர்களின் யோசனைப்படி நிறத்தை மாற்றிக்கொண்டார்கள், இளஞ்சிவப்பு வந்தது. ரிப்பன் உலகம் சுற்றியது, அட்டையைக் காணோம். சுவரோவியம், மினி மாரத்தான், விளக்கு அலங்காரம் என்று யார் திட்டம் கொண்டுவந்தாலும், 'அட்டையில் என்ன எழுதப்போகிறீர்கள்?' என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. பார்த்தவர் நாளைக்கு எதைச் செய்யவேண்டும் என்பது அதில் இல்லாவிட்டால் அது அலங்காரம்தான். அலங்காரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. விழிப்புணர்வுக் கணக்கில் எழுதவேண்டாம் என்கிறேன்.

கைவேலைக் குழுக்கள் செய்யும் ஒரு பொருள் எனக்கு மிகவும் பிடிக்கும். துணியில் தைத்துப் பஞ்சு அடைத்த மார்பக மாதிரி. உள்ளே எங்கோ, கட்டிபோல ஒரு பாசிமணி. மூன்று விரல்களின் உட்பகுதியால் வட்டமாக அழுத்தினால்தான் தட்டுப்படும். விரல் நுனியால் குத்தினால் தெரியாது. தைக்கும்போதே பேச்சு தொடங்கிவிடுகிறது, மணியை எங்கே வைக்கலாம் என்ற விவாதத்தில் கூச்சம் போய்விடுகிறது. ஆனால் இதோடு 'மாதாமாதம் நீங்களே சோதித்தால் தப்பிக்கலாம்' என்று வாக்குறுதி கொடுக்கக்கூடாது. ஷாங்காயில் 2.6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆலைத் தொழிலாளப் பெண்களை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2002இல் வந்தது. சுயபரிசோதனை முறையாகக் கற்றுக்கொடுக்கப்பட்ட குழுவில் இறப்பு குறையவில்லை. புற்றல்லாத கட்டிகளுக்கான பயாப்சிகள்தான் கூடின. ஆகவே நாங்கள் சொல்வது சுருக்கமானது: உங்கள் உடம்பு வழக்கமாக எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்கட்டும், மாறினால் காத்திருக்காதீர்கள். மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராம் எந்த வயதில், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆண்கள் கடைசி வரிசையில் நின்று பார்த்துவிட்டுப் பாதியில் நழுவுவார்கள். அவர்களுக்குப் பேச்சைவிடக் கண்ணாடி நன்றாக வேலை செய்கிறது. ஒரு புகைப்படக் கண்காட்சியில், வாய்ப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களின் படங்களுக்கு நடுவே, ஒரு சட்டத்துக்குள் படத்துக்குப் பதில் கண்ணாடியை மாட்டி, பக்கத்தில் சின்ன டார்ச் தொங்கவிட்டிருந்தார்கள். கீழே எதைத் தேடவேண்டும் என்று எழுதியிருந்தது: வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வாய் முன்போல் முழுதாகத் திறக்காமை. புகையிலை போடுகிறவர்கள் அந்தக் கண்ணாடி முன்னால் நின்ற அளவு நேரம் எந்தப் படத்தின் முன்னாலும் நிற்கவில்லை.

மீண்டவர்களை மேடையேற்றுவது பற்றி எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. அவர்கள் பேச்சுக்கு இருக்கும் மதிப்பு என் பேச்சுக்குக் கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எதைச் சொல்வது, எதை விடுவது, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் அவர்கள் கையில் இருக்கவேண்டும். ஒலிவாங்கியை நீட்டி, "முடி கொட்டினப்போ எப்படி இருந்துச்சு?" என்று கேட்கும் தொகுப்பாளரைக் கீழே இறக்கிவிடலாம். இன்னொன்று, அதே அரங்கில் நெருங்கியவரைப் பறிகொடுத்தவர்களும் இருப்பார்கள். 'சீக்கிரம் வந்தேன், பிழைத்தேன்' என்ற வாக்கியம் அவர்கள் காதில், 'உன்னால்தான் போனார்' என்று விழும். எவ்வளவு சீக்கிரம் மருத்துவரிடம் வந்தாலும் சில புற்றுநோய்கள் அதைவிட வேகமாகப் பரவிவிடுகின்றன. இதையும் மேடையில் யாராவது ஒருவர் சொல்லிவிடவேண்டும்.

ஒரு பிரபலத்தின் நோய்ச் செய்தி செய்வதை உள்ளூர்க் குழு செய்ய முடியுமா என்று கேட்பார்கள். இங்கிலாந்தில் தொலைக்காட்சிப் பிரபலம் ஜேட் குடி கருப்பைவாய்ப் புற்றுநோயால் 2009 மார்ச்சில், 27 வயதில் இறந்தார். 2008 நடுப்பகுதியிலிருந்து ஓராண்டில் வழக்கத்தைவிட 4 லட்சத்துக்கும் அதிகமான கருப்பைவாய்ப் பரிசோதனைகள் அங்கே நடந்தன. அலை அடங்கியதும் எண்ணிக்கையும் இறங்கிவிட்டது. உள்ளூர்க் குழுவால் அப்படியோர் அலையை எழுப்ப முடியாது. அடுத்த ஆண்டும் அதே இடத்தில் இருக்க முடியும், பெயர் சொல்லிக் கூப்பிட முடியும், கூடவே வர முடியும்.

கூடவே வருவது என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன், அதுதான் பெரிய வேலை. நியூயார்க்கின் ஹார்லெமில் அறுவை மருத்துவர் ஹெரால்ட் ஃப்ரீமன் 1990இல், சந்தேகத்துக்குரிய முடிவு வந்த நோயாளிகளைச் சிகிச்சை வரை கைப்பிடித்து அழைத்துச் செல்ல ஆட்களை நியமித்தார். கட்டணமில்லாத அல்லது குறைந்த கட்டணப் பரிசோதனையும் இந்தத் துணையும் சேர்ந்ததில், மார்பகப் புற்றுநோயில் ஐந்தாண்டு பிழைத்திருப்போர் 39 சதவீதத்திலிருந்து 70 சதவீதமானார்கள். முதலில் மருத்துவரைப் பார்த்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் நோய் என்னவென்று முடிவாகவேண்டும் என்பது மார்பகப் புற்றுநோய்க்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் இலக்கு. துண்டறிக்கையில் ரிப்பன் படத்தைச் சின்னதாக்கி, எந்த நாள், எந்த நேரம், எந்த அறை, யாரைக் கேட்கவேண்டும் என்பதைப் பெரிதாகப் போடுங்கள்.

முகாம் போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'ஒரே ரத்தப் பரிசோதனையில் எல்லாப் புற்றுநோயும்' என்று சொல்லி, புற்றுக்கட்டியின் அடையாளப் பொருள்களை ரத்தத்தில் தேடும் 'ட்யூமர் மார்க்கர்' சோதனைத் தொகுப்புகளை விற்பவர்கள் மேடைக்குப் பின்னால் வந்து நிற்பார்கள். அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கு அவை பெரும்பாலும் வீண் பீதியையோ பொய் நிம்மதியையோதான் கொடுக்கும். தென்கொரியாவில் தைராய்டு ஸ்கேன் பரவலானதில், கண்டுபிடிக்கப்பட்ட தைராய்டு புற்றுநோய் 1993ஐவிட 2011இல் 15 மடங்கானது. இறப்பு விகிதம் மாறவே இல்லை. தேடுவதால் பலன் உண்டு என்று நிரூபணமானதை மட்டும் தேடச் சொல்வோம்.

நிகழ்ச்சிக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கு எனக்கு வேண்டாம். அடுத்த இரண்டு மாதத்தில் எத்தனை பேர் பரிசோதனைக்கு வந்தார்கள், சந்தேகம் என்று முடிவு வந்தவர்களில் எத்தனை பேர் இரண்டாம் முறை வந்தார்கள் என்று எழுதிவையுங்கள். எங்கள் பகுதிக் குழு எழுதிவைத்தது. அரங்கம் நிறைந்த கூட்டம், ஆனால் பரிசோதனைக்கு வந்தவர்கள் சிலரே. நாடகத்தில் என்ன குறை என்று குழுவினர் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். விசாரித்தால், பரிசோதனை காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை மட்டும். வேலைக்குப் போகிறவர்கள் எப்படி வருவார்கள்? இப்போது வாரத்தில் இரண்டு நாள் மாலையிலும் அறை திறக்கிறது. பிரதியில் மாற்றியது கடைசி அறிவிப்பை மட்டும்தான்.