குறுக்கைத் தேய்த்தால் பிரசவ வலி குறையுமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “மருமகளுக்கு இடுப்பு வலி எடுத்தப்போ சிஸ்டர் ஊசி எதுவும் போடலை. குறுக்கில் உள்ளங்கையை வச்சு அழுத்தித் தேய்ச்சுக்கிட்டே இருந்தாங்க. அவளும் ஓரளவு அடங்கினா. நிஜமாவே வலி குறையுமா, இல்லை மனசுக்கு ஆறுதல்தானா?”

குறையும். உலக சுகாதார நிறுவனமே 2018 வழிகாட்டுதலில் தடவல், வெந்நீர் ஒத்தடம், மூச்சுப் பயிற்சி எல்லாவற்றையும் பரிந்துரைத்திருக்கிறது. நடை, பெரிய பந்து, வெந்நீர்த் தொட்டி பற்றி இன்னொரு நாள் பார்ப்போம். இன்றைக்குக் கை மட்டும்.

கருப்பை சுருங்கி அதன் வாய் விரியும்போது கிளம்பும் வலிச் செய்தி, மார்புப் பகுதியின் 10ஆம் நரம்பு முதல் இடுப்புப் பகுதியின் 1ஆம் நரம்பு வரையிலான இடத்தில் தண்டுவடத்துக்குள் நுழைகிறது. குறுக்குத் தோலின் நரம்புகளும் ஏறத்தாழ அங்கேதான் வந்து சேர்கின்றன. மூளைக்கு ஆள் அடையாளம் தெரிவதில்லை. வலிப்பது கருப்பை, “குறுக்கு ஒடியுதே” என்று கத்துவது நாம். சிஸ்டரின் கை இந்தக் குழப்பத்தைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது.

கருப்பையின் வலியைப் பெரும்பாலும் மெல்லிய ‘சி’ நரம்பிழைகள் சுமக்கின்றன. நொடிக்கு 1 மீட்டர் அளவில் ஊர்ந்துதான் வரும். தொடுதலைச் சுமக்கும் பருத்த ‘ஏ-பீட்டா’ இழைகளோ நொடிக்கு 35 முதல் 75 மீட்டர். இரண்டும் சந்திப்பது தண்டுவடத்தின் முதுகுப் பக்கமாக இருக்கும் ‘பின்கொம்பு’ என்ற பகுதியில். அங்கே அடக்குவதையே தொழிலாகக் கொண்ட ஒரு குட்டி நரம்பணு உண்டு. தொடு இழை அதைத் தட்டி எழுப்பினால், மூளைக்கு வலியை அனுப்பும் அணுவின் வாயை அது அடைத்துவிடும். வலி இழையோ அதைத் தூங்க வைக்கவே பார்க்கும். யார் கை ஓங்குகிறதோ, அதைப் பொறுத்தது மேலே போகும் வலி. ரொனால்ட் மெல்சாக்கும் பாட்ரிக் வாலும் 1965இல் இதற்குக் ‘கதவு’ என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் வரைந்த இணைப்புப் படத்தைப் பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். வலி தண்டுவடத்திலேயே வடிகட்டப்படுகிறது என்ற கருத்து மட்டும் அசையவில்லை. மூளைக்குச் சேதி எட்டுமுன்பே பாதி வழியில் பேரம் முடிந்துவிடுகிறது! எத்தனை தடவை படித்தாலும் எனக்கு அலுக்காத இடம் இது.

கையைச் சும்மா வைத்திருந்தால் போதாதா? தோலில் உள்ள தொடு உணரிகளில் பல, மாற்றம் வந்தால்தான் குரல் கொடுக்கும். போட்டிருக்கும் சட்டை சற்று நேரத்தில் நம் நினைவிலேயே இருப்பதில்லையே, அப்படி அசையாத கையும் மறந்துபோகும். அதனால்தான் தேய்ப்பதும், அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பதும்.

கதவு முழுசாகச் சாத்திக்கொள்ளாது. குழந்தை இறங்கி வரும் கட்டத்தில் புது வலி ஒன்று வேறு நரம்புகள் வழியாகவும் வந்து சேரும். அப்போது எபிடியூரல் (முதுகுத்தண்டில் மருந்து செலுத்தி வலியை மரக்கவைக்கும் முறை) கேட்கிற பெண்ணிடம் “தாங்கிக்கோ, அப்பதான் நீ தாய்” என்று சொல்பவர்களோடு எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை.

மூளையிலிருந்து கீழே இறங்கும் நரம்புகளும் இந்தக் கதவை ஆட்டிவைக்கும். பயந்தால் வலி கூடுவது அதனால்தான். ஜோகன்னஸ்பர்க்கில் மகப்பேறு மருத்துவர் ஜஸ்டஸ் ஹாஃப்மெயரின் குழு 1991இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி இல்லாத சாதாரணப் பெண்கள் பிரசவ அறையில் துணைக்கு இருந்தார்கள். பிரசவ நேரம் குறையவில்லை. ஆனால் துணை கிடைத்தவர்கள் சொன்ன வலி குறைவு, பதற்றமும் குறைவு. அதே ஊரில் 1950களில் பேராசிரியர் ஹெய்ன்ஸ், வயிற்றின் மேல் கூண்டைக் கவிழ்த்துக் காற்றை உறிஞ்சும் கருவி ஒன்றை வலிக்காகக் கொண்டுவந்தார். பிள்ளை மகா புத்திசாலியாகப் பிறக்கும் என்று பேச்சு கிளம்பியது. பிறகு சோதித்துப் பார்த்ததில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. கருவி என்றால் பணம் போட ஆள் வருகிறது. பக்கத்தில் உட்காரும் மனுஷிக்குச் சம்பளம் கொடுத்து ஆராய யாரும் லேசில் முன்வருவதில்லை.

அடுத்த பேரப்பிள்ளைக்கு நீங்களே செய்யலாம் அம்மா. சுருக்கம் தொடங்கியதும் பிட்டத்துக்கு மேலே இருக்கும் முக்கோண எலும்பில் உள்ளங்கையின் அடிப்பாகத்தை ஊன்றி அழுத்துங்கள். சுருக்கம் விட்டதும் தளர்த்துங்கள். இடம் சரியா என்று அவளையே கேளுங்கள். கடைசிக் கட்டத்தில் சிலருக்குத் தொட்டாலே பிடிக்காது. “கையை எடுங்க” என்றால் எடுத்துவிடுங்கள்.