ராஜபாளையமா, லாப்ரடாரா? செட்டிநாட்டு வீட்டுக்கு நாய் வாங்கும் முன்

“வீடு பெரிசு டாக்டர், இந்தத் தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியுது. எந்த நாய் வாங்கலாம்?” காரைக்குடி, தேவகோட்டை பக்கத்தில் கால்நடை மருத்துவரிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. வீட்டின் நீளம் நாய்க்கு ஒரு பொருட்டே இல்லை. எத்தனை கட்டு இருந்தாலும் ஆள் புழங்கும் இடத்தில்தான் வந்து படுக்கும். அடுத்த பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குக் காலையில் அதன் சங்கிலியைப் பிடிக்கப்போவது யார்? இதற்குப் பதில் சொல்லிவிட்டு இனத்தைப் பேசலாம்.

பேச்சு வந்தால் பெரும்பாலும் இரண்டு பெயர்தான்: காவலுக்கு ராஜபாளையம், கொஞ்சுவதற்கு லாப்ரடார்.

ராஜபாளையம் நம் மண்ணின் வேட்டை நாய். 2005-ல் இந்திய அஞ்சல்துறை நாட்டு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் இதுவும் ஒன்று. இந்த வெயிலை லாப்ரடாரைவிட நன்றாகத் தாங்கும். ஆனாலும் வெள்ளை முடிக்கு அடியிலுள்ள தோலும் ரோஸ் நிற மூக்கும் நண்பகல் வெயிலில் வெந்துபோகும், நிழல் கட்டாயம். ஒருவரையோ இருவரையோதான் எஜமானாக ஏற்கும். கோழி, ஆட்டுக்குட்டி ஓடினால் துரத்தும். ஆறடிக்குக் குறைந்த சுவரை நம்ப வேண்டாம். காலை மாலை சேர்த்து ஒரு மணி நேரமாவது ஓடவிட வேண்டும்.

பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, பூட்டிய வீட்டுக்கு வாட்ச்மேனை நம்பி இந்த நாயை வாங்குகிறார்கள். வாட்ச்மேன் வேலையை விட்டுப் போனதும் சிக்கல் தொடங்குகிறது. புதிதாக வந்தவரைப் பின்கட்டுக்குள் விடாது. வருஷத்துக்கு ஒருமுறை பொங்கலுக்கு வந்து இறங்கும் சொந்தக்காரரே அதற்கு அந்நியர். பயந்துபோய்ச் சங்கிலியில் போடுவார்கள். நாள் முழுக்கச் சங்கிலியில் கிடக்கும் நாய் எதற்கெடுத்தாலும் குரைக்கும், கிட்டே வந்தவரைக் கடிக்கும். எங்கள் கருத்து பூட்டிய வீட்டுக்கு நாயே வேண்டாம், கேமரா போதும். தோப்பு துரவு உள்ள, ஊரோடு இருக்கும் குடும்பத்தில் தெம்பான ஆள் ஒருவர் பொறுப்பெடுத்தால் இதைவிட நல்ல நாய் கிடைப்பது கஷ்டம்.

வாங்கும்போது காதைச் சோதிக்காமல் பணம் கொடுக்காதீர்கள். உள்காதில் நிறமி செல்கள் இல்லாமல் போவதால் வெள்ளை நாய்களில் பிறவிச் செவிடு வருவதுண்டு. ராஜபாளையத்தில் இது தெரிந்த குறை. ஆறு வாரம் தாண்டிய குட்டியைக் கூட்டத்திலிருந்து பிரித்துத் தனியாக விடுங்கள். அது வேறு பக்கம் பார்த்திருக்கும்போது நாலைந்து அடி பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். காலால் தரையைத் தட்டக் கூடாது, கைதட்டிய காற்றும் அதன்மேல் படக் கூடாது. செவிட்டுக் குட்டிகூட அதிர்வை உணர்ந்து திரும்பும். நல்ல காது என்றால் முதல் குலுக்கலிலேயே காது மடல் அசையும். ஒரு காது மட்டும் செவிடாக இருந்தால் இந்தச் சோதனையில் தப்பிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

லாப்ரடார் குளிர்ந்த கடலோரத்தில் மீனவரோடு வேலை பார்த்த நாயின் வாரிசு. இரட்டை அடுக்கு முடி. கோடையில் நடை காலை ஏழுக்குள், மாலை ஆறரைக்கு மேல்தான். ரோட்டில் புறங்கையை ஐந்து நொடி வைக்க முடியவில்லையென்றால் திரும்பிவிடுங்கள். முடியை ஒட்ட வெட்டினால் குளுமை என்பது தப்பு, வெயில் நேராகத் தோலில் இறங்கும். மூச்சிரைப்பு அடங்காமல், எச்சில் கெட்டியாகி, ஈறு செக்கச்செவேலென்று ஆகி, நடை தள்ளாடினால் அது வெப்பத்தாக்கு. நாயின் சாதாரண உடல் சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 104-ஐத் தாண்டினால் ஆபத்து. உடனே குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, ஃபேனைப் போட்டு, பிறகு ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விட்டால் சூடு உள்ளேயே தங்கும்.

அடுத்த வில்லங்கம் வயிறு. பசி அடங்கும் உணர்வைக் குறைக்கும் மரபணுக் குறைபாடு ஒன்றை 2016-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ஏறத்தாழ நான்கில் ஒரு லாப்ரடாருக்கு அது உண்டு. ஆகவே “பாவம், பசிக்குது போல” என்ற பேச்சுக்கே இடமில்லை. 30 கிலோ நாய்க்கு நாளைக்கு 300 முதல் 350 கிராம் உலர் தீனி, இரண்டு வேளையாக. ஆச்சி ஆசையாகப் போடும் நாலு இட்லி அதன் ஒருநாள் தேவையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. அந்த அளவுக்குத் தீனியைக் குறைக்காவிட்டால் ஆறு மாதத்தில் விலா எலும்பு கைக்குத் தட்டுப்படாது. நம் வீட்டுக் குழம்பு எந்த நாய்க்கும் ஆகாது. சின்ன வெங்காயமும் பூண்டும் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வெந்த கோழி எலும்பு சில்லுசில்லாக உடைந்து குடலைக் குத்தும்.

செட்டிநாட்டுக்கே உரிய ஒரு சங்கடம் தரை. துடைக்கத் துடைக்கப் பளபளக்கும் ஆத்தங்குடிக் கல்லில் குட்டி ஓடிவந்து திரும்பும்போது பின்னங்கால் இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாக விரியும். பார்க்கச் சிரிப்பு வரும். இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரக்கூடிய லாப்ரடாருக்கு முதல் மாதங்களில் இப்படித் தினமும் வழுக்குவது கெடுதல். படுக்கும் இடம், சாப்பிடும் இடம், இடையிலுள்ள பாதை மூன்றிலும் ரப்பர் பாயோ சணல் சாக்கோ விரியுங்கள். நகத்தையும் பாதத்துக்கு அடியில் வளரும் முடியையும் வெட்டிவிடுங்கள். மூன்று மாதம் வரை முகப்புப் படியில் தூக்கித்தான் இறக்க வேண்டும். மண் தரையில் ஓடட்டும், அது நல்லது.

எழுபது வயது ஆச்சி தனியாக இருக்கும் வீட்டுக்கு இரண்டுமே பொருந்தாது. 30 கிலோ லாப்ரடார் பாசத்தில் ஒரு இழுப்பு இழுத்தாலே இடுப்பெலும்பு போய்விடும். மூன்று நாலு வயதான, சாதுவான நாட்டு நாயைத் தத்தெடுப்பது மேல்.

எதை வாங்கினாலும் எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்பது நாய் விற்பனைக்கான மத்திய அரசின் 2017 விதி. தாய் நாயை நேரில் பாருங்கள். குட்டிகளைக் கொல்லும் வைரஸ் நோய்களான பார்வோ, டிஸ்டெம்பருக்குத் தடுப்பூசி ஆறு முதல் எட்டாவது வாரத்தில் தொடங்கி, மூன்று நாலு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறாவது வாரம் வரை. ரேபிஸ் ஊசி மூன்றாம் மாதம், அடுத்த மாதம் மறுபடி, பிறகு வருஷா வருஷம். ஊசி முடியும்வரை தெருவில் இறக்கக் கூடாது. ஆனால் நாய் மனிதர்களைப் பழகும் பருவமும் பதினாலாவது வாரத்தோடு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. அதற்காக ஆட்களை வீட்டுக்குள் வரவழையுங்கள். பால்காரர், தோட்டக்காரர், தலைப்பாகை கட்டியவர், ஹெல்மெட் போட்டவர், சின்னப் பிள்ளைகள் என்று தினமும் இரண்டு புதியவர்கள் கையால் ஒரு வாய் தீனி வாங்கட்டும். கல்யாணத்துக்கு வளவு (உள்முற்றம்) நிறைய ஆள் கூடும் வீட்டில் ராஜபாளையக் குட்டிக்கு இது ஊசிக்குச் சமம்.