ஈரோட்டு வழியில் ஒரு அடி

கோவையில் பம்பு ஷாஃப்டுகளுக்குப் பீங்கான் பூச்சு அடிக்கும் பட்டறை ஒன்றில் பிளாஸ்மா டார்ச்சை வெல்டிங் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். செம்பு மூக்கிலிருந்து விரல் நீளத்துக்கு வெள்ளைச் சுடர், காதைக் கிழிக்கும் இரைச்சல். ஆர்கான் வாயு மின்வில்லுக்குள் (ஆர்க்) புகுந்து 10,000 டிகிரிக்கு மேல் கொதித்துச் சீறுகிறது. அதில் தூவிய குரோமியம் ஆக்சைடு தூள் உருகி ஷாஃப்டில் அப்பிக்கொள்கிறது. சுடர் மெதுவாகப் போனால் பூச்சில் நுண்துளை விழும். வேகம் மிஞ்சினால் தூள் உருக நேரம் போதாது. சரி, வேகத்தை எப்படி அளப்பது? உள்ளே எந்தக் கம்பியை நீட்டினாலும் உருகிவிடும்.

வெளிச்சத்தையே கேட்க வேண்டியதுதான். ஆர்கான் அணு தனக்கென்று உள்ள சில அலைநீளங்களில் மட்டும் ஒளிரும். அதில் ஒன்று 763.5 நானோமீட்டர். வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்தால் அது ஒரு மெல்லிய கோடாகத் தெரியும். அணு நம்மை நோக்கி ஓடி வந்தால் அந்தக் கோடு நீலப் பக்கம் நகரும், விலகிப் போனால் சிவப்புப் பக்கம். 1842இல் டாப்ளர் சொன்ன விதி இது. பீளமேட்டில் ரயில் நம்மைக் கடந்ததும் ஹாரன் சுருதி சட்டென்று இறங்குகிறதே, அதேதான்.

ஆனால் 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயிலின் சுருதி நூற்றுக்குக் கிட்டத்தட்ட எட்டு பங்கு ஏறும். நொடிக்கு 1,000 மீட்டர் ஓடும் சுடரில் மூன்று லட்சத்தில் ஒரு பங்குதான். கோவையிலிருந்து ஈரோடு சுமார் 100 கிலோமீட்டர். அந்தத் தூரத்தில் ஒரு அடியைக் கண்டுபிடிப்பது போல. கணக்கில் 0.0025 நானோமீட்டர். அணுக்கள் சூட்டில் கண்டபடி அலைவதால் கோடே அதைவிட மூன்று மடங்குக்கு மேல் அகலமாக இருக்கும். அதன் நடுவைத் துல்லியமாகப் பிடிக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. சுற்றி நெருக்கும் எலெக்ட்ரான்களின் மின்புலமும் கோட்டைத் தள்ளிவிடும். ஸ்டார்க் விளைவு என்று பெயர். சுடர் ஓடாமல் நின்றாலும் ஓடுவது போலக் காட்டும் பொய் நகர்வு இது.

இதற்குக் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. சுடரின் ஒரே புள்ளியை முன்பக்கம் 45 டிகிரி சாய்வில் ஓர் ஒளியிழையும், பின்பக்கம் அதே சாய்வில் இன்னொன்றும் பார்க்கும். ஸ்டார்க் தள்ளுவது இரண்டிலும் ஒரே பக்கம். வேகம் தள்ளுவது எதிரெதிர்ப் பக்கம். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் பொய் நகர்வு அடிபட்டுப்போகும். மிஞ்சும் 0.0036 நானோமீட்டர் முழுக்க வேகத்தினுடையது.

சரிபார்க்க இன்னொரு வழியும் உண்டு. மின்வில் துடிப்பதால் சுடரின் வெளிச்சமும் துடிக்கும். சுடர் போகும் வழியில் 5 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு ஒளியிழைகளை வைத்தால், முதலாவதில் தெரிந்த துடிப்பு 5 மைக்ரோநொடி கழித்து இரண்டாவதில் தெரியும். அதே 1,000 மீட்டர்.