சொந்தமாகக் கட்டும் விமானத்தில் ஜிபிஎஸ் ஆன்டெனா

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து 1575.42 மெகாஹெர்ட்ஸில் வரும் சிக்னல் நம்மை எட்டும்போது அதன் வலு ஒரு வாட்டில் நூறு கோடி கோடியில் ஒரு பங்குதான். அதே விமானத்தில் சில அடி தள்ளி, விமானி பேசும் விஎச்எஃப் ரேடியோ பல வாட் திறனை அள்ளி வீசுகிறது. வான்ஸ் ஆர்வி போன்ற, பாகங்களாக வாங்கிச் சேர்க்கும் அலுமினிய விமானங்களை அமெரிக்காவில் கராஜிலேயே கட்டி முடிப்பவர்கள், ஆன்டெனா வேலையில் இந்த ஏற்றத்தாழ்வை முதலில் மனதில் வைக்க வேண்டும்.

ஆன்டெனாவுக்கு வானம் மறைப்பில்லாமல் தெரிய வேண்டும். விமானி அறைக்குப் பின்னே, உடலின் மேல்தகடு நல்ல இடம். பறக்கும் நிலையில் அது 5 டிகிரிக்குள் கிடைமட்டமாக இருக்க வேண்டும். வால்சக்கர விமானம் தரையில் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அதனால் வாலை உயர்த்தி முட்டுக்கொடுத்து, சமன் செய்த பிறகே அளவெடுங்கள். கண்ணாடியிழை ரேடியோ அலைகளைத் தடுக்காது என்பதால், இன்ஜின் மூடிக்கு அடியில் தட்டு அமைத்து ஆன்டெனாவைப் பொருத்துபவர்களும் உண்டு. வேலை செய்யும். ஆனால் இன்ஜின் சூட்டை அந்த ஆன்டெனா தாங்குமா என்று தயாரிப்பாளரின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். கார்பன் இழை மூடியானால் அந்த யோசனையே வேண்டாம், அது சிக்னலை மறைத்துவிடும். விஎச்எஃப் ஆன்டெனாவிலிருந்து குறைந்தது 60 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். கூடுதலாகக் கிடைத்தால் நல்லது.

மேல்தகடு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன்தான். உள்ளே அதே தடிமனில் ஒரு வலுவூட்டுத் தகடு வைத்து ரிவெட் அடிக்காவிட்டால், காற்றின் அதிர்வில் துளையோரம் விரிசல் விடும். ஆன்டெனாவின் அடிப்பாகம் தொடும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி எடுத்து, மின்சாரம் கடத்தும் அலோடைன் பூச்சு கொடுங்கள். சீலன்ட்டை விளிம்பைச் சுற்றி மட்டுமே தடவ வேண்டும்; அடியில் தடவினால் உலோகத்தோடு உலோகம் சேராது. இணைப்பின் மின்தடைக்கு வழக்கமான வரம்பு 2.5 மில்லிஓம். சாதாரண மல்டிமீட்டரால் இதை அளக்க முடியாது, நான்கு முனை மில்லிஓம் மீட்டர் வேண்டும்.

கேபிளுக்கு ஆர்ஜி-400 வாங்குங்கள். நடுக்கம்பியைச் சுற்றி டெஃப்லான் காப்பு, அதன்மேல் கவசமாக வெள்ளிமுலாம் பூசிய இரட்டைக் கம்பிப் பின்னல். பழைய ஆர்ஜி-58-இல் இருக்கும் பாலிஎத்திலீன் சூட்டில் இளகிவிடும். இந்த அலைவரிசையில் ஆர்ஜி-400 மீட்டருக்கு ஏறக்குறைய 0.6 டெசிபெல் இழக்கும். 5 மீட்டர் ஓடினால் சிக்னலில் பாதி போய்விடும். இருந்தும் சமாளிக்க முடிவதற்குக் காரணம், ஆன்டெனாவுக்குள்ளேயே இருக்கும் பெருக்கி. ரிசீவர் அதே கேபிளின் நடுக்கம்பி வழியாக அதற்கு மின்சாரம் அனுப்புகிறது. சில ரிசீவர்கள் குறைந்தபட்ச இழப்பும் இருக்க வேண்டும் என்கின்றன. மிகக் குட்டையான கேபிளில் பெருக்கப்பட்ட சிக்னல் அளவு மீறி வந்துவிடும் என்பதால்தான் அந்த நிபந்தனை. ஓர் ஆன்டெனாவை இரண்டு ரிசீவர்களுக்குப் பகிர டி-கனெக்டர் போடாதீர்கள், இரண்டின் மின்சாரமும் ஒன்றோடொன்று மோதும். அதற்கென்று உள்ள, ஒரு பக்கம் டிசி-யைத் தடுக்கும் ஸ்ப்ளிட்டர் தேவை.

அதிகம் சொதப்புவது கனெக்டரில்தான். கனெக்டரைக் கேபிளில் நசுக்கிப் பொருத்தும் கருவியில் நடு ஊசிக்கு 0.068 அங்குல அச்சு, வெளி வளையத்துக்கு 0.213 அங்குல அறுகோண அச்சு வேண்டும். காப்பை உரிக்கும்போது நடுக்கம்பியின் ஓர் இழைகூட வெட்டுப்படக் கூடாது. ஊசியில் பார்வைத் துளை இருந்தால், கம்பி அதில் தெரிகிறதா என்று பார்த்த பிறகே நசுக்குங்கள். பின்னலிலிருந்து பிரிந்த முடி போன்ற ஒரே ஓர் இழை ஊசியைத் தொட்டாலும் பெருக்கியின் மின்சாரம் ஷார்ட் ஆகிவிடும். திரையில் ஒரு செயற்கைக்கோள்கூட வராது. இன்னும் மோசமானது, தரையில் ஒழுங்காக இருந்துவிட்டு இன்ஜின் அதிர்வில் மட்டும் தொடும் இழை. ஆகவே இரு முனைகளையும் மாட்டுவதற்கு முன், கனெக்டரை ஆட்டிக்கொண்டே மல்டிமீட்டரில் சோதியுங்கள்: நடுக்கம்பிக்கும் பின்னலுக்கும் இடையே தொடர்பு இருக்கக் கூடாது. வளைவின் ஆரம் 5 சென்டிமீட்டருக்குக் குறைய வேண்டாம். கேபிளைக் கட்டும் பட்டையை இறுக்கினால் டெஃப்லான் மெல்ல அமுங்கி, அந்த இடத்தில் கேபிளின் மின்மறுப்பு மாறிவிடும்.

எல்லாம் பொருத்தியதும் ரேடியோ சோதனை. விஎச்எஃப் ரேடியோ பேசும் அலைவரிசையின் மடங்குகளிலும் கொஞ்சம் அலை கசியலாம். 121.175 மெகாஹெர்ட்ஸை 13-ஆல் பெருக்கினால் 1575.275, 131.275-ஐ 12-ஆல் பெருக்கினால் 1575.3. இரண்டும் ஜிபிஎஸ் அலைவரிசையின் மடியிலேயே விழுகின்றன. விமானத்தை வெட்டவெளியில் நிறுத்தி, 121.150, 121.175, 121.200, 131.250, 131.275, 131.300 ஆகிய ஒவ்வொன்றிலும், வேறு யாரும் பேசாத நேரம் பார்த்து, 35 வினாடி மைக் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். திரையில் சிக்னல் பட்டைகள் சரிகின்றனவா என்று கவனியுங்கள். சரிந்தால், அவசரக்கால இருப்பிடக் கருவியான இஎல்டி-யின் ஆன்டெனா கேபிளைக் கழற்றி மீண்டும் சோதியுங்கள். பட்டைகள் இப்போது அசையாவிட்டால், விஎச்எஃப் அலையை வாங்கி அதன் மடங்குகளைத் திரும்ப உமிழ்வது இஎல்டிதான். அந்தக் கருவியைப் பழுது பார்க்கவோ அதன் கேபிளில் ஃபில்டர் போடவோ வேண்டும். கழற்றிய கேபிளைத் திரும்ப மாட்ட மறக்காதீர்கள், விபத்தில் உயிர்காக்கும் கருவி அது.

2020 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் பெரும்பாலான கட்டுப்பாட்டு வான்பகுதிகளில் ஏடிஎஸ்-பி அவுட், அதாவது விமானம் தன் இருப்பிடத்தைத் தானே ஒலிபரப்பும் கருவி, கட்டாயம். அது அனுப்பும் இருப்பிடம் 0.05 கடல் மைலுக்குள், அதாவது சுமார் 93 மீட்டருக்குள் துல்லியமாக இருக்க வேண்டும். ஏடிஎஸ்-பி பொருத்திய விமானமானால், முதல் சில பறத்தல்களுக்குப் பின் அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ இலவசமாகத் தரும் செயல்திறன் அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். துல்லியம் குறைந்த நேரங்களை உங்கள் பறத்தல் பதிவோடு ஒப்பிடுங்கள். விமானம் மிகவும் சாய்ந்து திரும்பிய நேரங்களோடு பொருந்தினால் ஆன்டெனாவின் இடத்தையும், ரேடியோவில் பேசிய நேரங்களோடு பொருந்தினால் விஎச்எஃப் ஆன்டெனாவோடு உள்ள இடைவெளியையும், எதோடும் பொருந்தாவிட்டால் கனெக்டரையும் முதலில் பாருங்கள்.