வெபர் வாங்குமுன் எண்ணெய் இருக்கிறதா பாருங்கள்

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வீட்டில் 1972-ஆம் ஆண்டு டாட்சன் 240இசட் நிற்கிறது. சிக்னலில் பச்சை விழுந்து ஆக்சிலரேட்டரை அழுத்தினால், கார் உடனே பாயாமல் ஒரு கணம் தடுமாறுகிறது, அப்புறம்தான் கிளம்புகிறது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் அதில் இரண்டு. ‘அந்தப் பழையது இரண்டையும் கடாசிவிட்டு மூன்று வெபர் கார்புரேட்டர் மாட்டு’ என்று நண்பர்கள் நச்சரிக்கிறார்களாம். மாட்டலாமா என்று கேட்கிறார்.

இப்போதைக்கு வேண்டாம். ஏன் என்று சொல்ல இரண்டு வகைக் கார்புரேட்டரையும் கொஞ்சம் திறந்து பார்க்க வேண்டும். அதில் ஒன்றைப் பற்றிப் பேச எனக்கு வெகுநாளாக ஆசை.

அடிப்படை பள்ளியில் படித்ததுதான். குறுகலான இடத்தில் காற்று வேகமெடுக்கும். அங்கே அழுத்தம் குறையும். பெர்னூலி 1738-லேயே எழுதிவைத்துவிட்டார். அந்தக் குறுகலில் ஒரு துளை வைத்து பெட்ரோல் கிண்ணத்தோடு இணைத்தால், வெளிக்காற்றின் அழுத்தம் பெட்ரோலைத் துளை வழியே தள்ளிவிடும். எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று. முழுச் சக்தி வேண்டும்போது பெட்ரோல் கொஞ்சம் தூக்கல்: 12.5, 13 பங்கு காற்று போதும்.

குறுகலின் அளவு மாறாதது என்றால் இங்கேதான் சிக்கல். காற்றின் ஓட்டம் இருபது மடங்கு கூடினால் உறிஞ்சும் விசை நானூறு மடங்கு கூடும். எஞ்சின் சும்மா ஓடும்போது கிண்ணத்துப் பெட்ரோலைச் சில மில்லிமீட்டர் உயர்த்தக்கூட அந்த விசை போதாது. உச்ச வேகத்திலோ காற்று அடர்த்தி குறைந்துபோகும், பெட்ரோல் குறையாது, கலவை தடித்துவிடும். அதனால் வெபரில் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு தனி ஏற்பாடு. சும்மா ஓட ஒரு ஜெட் (அளவாகத் துளைத்த சிறு முனை), அதிலிருந்து மேலேற வரிசையாகச் சிறு துளைகள், ஓட்டத்துக்கு மெயின் ஜெட், தடிக்கும் கலவையை நீர்க்கவைக்கக் காற்று ஜெட், காலை அழுத்தும்போது பெட்ரோலைப் பீய்ச்ச ஒரு பம்ப். 1923-இல் பொலோனாவில் எடோர்டோ வெபர் தொடங்கிய நிறுவனம் இந்த ஏற்பாடுகளை மிக நேர்த்தியாகச் செய்தது. 240இசட்டுக்கு மூன்று வெபர் என்றால் ஆறு சிலிண்டருக்கு ஆறு தொண்டை, அதாவது ஆறு காற்றுவழி. மேலே சொன்ன ஒவ்வொரு ஜெட்டிலும் ஆறு ஆறு.

உங்கள் காரில் இருப்பது ஹிட்டாச்சி செய்தது. ஆனால் வடிவம் பிரிட்டிஷ் எஸ்யூ. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர் என்பவர் யோசித்தது. காலணி வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. முதல் கார்புரேட்டரில் தோலால் ஒரு துருத்தி வைத்தார். (இன்று அதே யோசனையோடு ஆராய்ச்சி நிதிக்கு விண்ணப்பித்தால், செயற்கை நுண்ணறிவு எங்கே என்று கேட்டுத் திருப்பியனுப்பியிருப்பார்கள்.)

எஸ்யூவில் குறுகலின் அளவே மாறும். காற்றுப் பாதையின் குறுக்கே மேலிருந்து ஒரு பிஸ்டன் இறங்கி நிற்கிறது. பிஸ்டனுக்கு அடியில் வெளிக்காற்றின் அழுத்தம். மேலே மூடிய அறை. பிஸ்டனின் அடியிலுள்ள துளை வழியாக அந்த அறை எஞ்சின் பக்கத்தோடு தொடர்பில் இருக்கிறது. எஞ்சின் அதிகக் காற்றை இழுக்க முயன்றால் மேலறையில் அழுத்தம் குறைந்து பிஸ்டன் எழும். எழுந்தால் வழி அகலும், அழுத்த வித்தியாசம் மறுபடி குறையும். அழுத்த வித்தியாசம் மேலே தூக்கும் விசை, பிஸ்டனின் எடையும் அதன்மேல் அழுத்தும் சுருள்வில்லின் விசையும் சேர்ந்ததோடு சமனாகும் உயரத்தில் அது நின்றுவிடும். எஞ்சின் எந்த வேகத்தில் ஓடினாலும் ஜெட்டுக்கு மேலே செல்லும் காற்றின் வேகம் கிட்டத்தட்ட ஒன்றுதான். உறிஞ்சும் விசையும் மாறாது. அப்படியானால் பிஸ்டனின் உயரத்தைப் பார்த்தே எவ்வளவு காற்று போகிறது என்று சொல்லிவிடலாம். இன்றைய கார்களில் சென்சாரும் கணினியும் பார்க்கும் வேலையை, ஓர் அலுமினியத் துண்டு மிதந்தபடி பார்க்கிறது!

பிஸ்டனின் அடியில் நுனி நோக்கிச் சிறுத்துப்போகும் ஊசி ஒன்று ஜெட்டுக்குள் இறங்கியிருக்கிறது. பிஸ்டன் ஏறினால் ஊசியின் மெல்லிய பகுதி ஜெட்டுக்கு வரும், சுற்றி இடைவெளி கூடும், பெட்ரோல் கூடும். கலவைக் கணக்கு முழுவதும் அந்த ஊசியின் சரிவில் கடைந்து வைக்கப்பட்டிருக்கிறது.

இனி எனக்கு மிகப் பிடித்த இடம். காலைச் சட்டென்று அழுத்தினால் பிஸ்டனும் சட்டென்று எழும்பும், காற்று முந்திக்கொள்ளும், பெட்ரோல் பின்தங்கும். அதைத் தடுக்கப் பிஸ்டனின் நடுத்தண்டுக்குள் எண்ணெய் நிரப்பி ஒரு குட்டித் தடுப்பானை இறக்கியிருக்கிறார்கள். கதவு படாரென்று சாத்தாமல் பார்த்துக்கொள்ளும் எண்ணெய்க் கை போன்ற அதே தத்துவம், ஆனால் மேலேறும்போது மட்டும் தடுக்கும்; இறங்கும்போது தாராளமாக விட்டுவிடும். பிஸ்டன் ஏறத் தயங்கும் அந்தக் கணத்தில் வழி குறுகலாகவே இருப்பதால் காற்று இன்னும் வேகமெடுத்து, ஜெட்டிலிருந்து கூடுதல் பெட்ரோலை உறிஞ்சும். வெபரில் பம்ப் பார்க்கும் வேலை இங்கே ஒரு கரண்டி எண்ணெயில் முடிந்துவிடுகிறது.

அந்த எண்ணெய் வற்றிவிட்டால் அறிகுறி என்ன? அழுத்தியதும் ஒரு கணத் தடுமாற்றம். ஆகவே மேல்மூடியைத் திருகி, தடுப்பானை வெளியே எடுத்து உள்ளே பாருங்கள். 20 தர எஞ்சின் எண்ணெய் ஊற்றினால் போதும். நம் ஊர் வெயிலில் பானெட்டுக்குள் எண்ணெய் இளகும் என்பதால் அதைவிட மெல்லியது வேண்டாம்.

அடுத்து, எஞ்சின் சூடான பிறகு சும்மா ஓடவிட்டு பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கிப் பாருங்கள். அதற்கென்று அடியில் ஒரு சிறு கம்பி இருக்கும். இல்லையென்றால் காற்று வடிகட்டியைக் கழற்றி மெல்லிய திருப்புளியால் தூக்கலாம். வேகம் லேசாகக் கூடி அடங்கினால் கலவை சரி. கூடியபடியே நின்றால் பெட்ரோல் அதிகம். எஞ்சின் தள்ளாடி அணைந்தால் குறைவு. இரண்டு கார்புரேட்டரையும் தனித்தனியே பார்க்க வேண்டும். ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்து இரண்டின் வாயிலும் இரைச்சல் ஒன்றாக இருக்கிறதா என்று கேட்பதும் பழைய மெக்கானிக்குகளின் வழி. கார்ப் பட்டறைகள் இருக்கும் சின் மிங் பக்கம் இன்னும் அப்படிக் கேட்கும் அங்கிள்கள் இருக்கிறார்கள்; அவர்கள் ஓய்வு பெறுவதற்குள் பாலிடெக்னிக் மாணவர்கள் யாராவது போய்க் கற்றுக்கொண்டால் நல்லது.

காலையில் முதல் சிக்னலில் ஒழுங்காகப் போய், நெரிசலில் நின்ற பிறகு மட்டும் தடுமாறினால் அது வேறு கதை. பெட்ரோலின் லேசான பகுதிகள் 35 டிகிரியை ஒட்டியே கொதிக்கத் தொடங்கும். வெளியே 32 டிகிரி, பக்கத்திலேயே புகைபோக்கிக் குழாய். கிண்ணத்தில் குமிழி வராமல் என்ன செய்யும்? வெப்பத் தடுப்புத் தகடும் இன்சுலேட்டர் பட்டையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பெட்ரோல் குழாயில் காந்தம் மாட்டச் சொல்பவர்களை நம்பாதீர்கள். டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைப்பதில்கூட எனக்கு ஆட்சேபம் இல்லை. அது பெட்ரோல் மிச்சமாகும் என்று சொல்லி நம்மிடம் வெள்ளி பறிப்பதில்லை.

வெபர் மோசம் என்று சொல்லவில்லை. ஜப்பானில் இதே உடலோடு விற்ற இசட்432-இல் நிசானே மூன்று மிக்குனி-சோலெக்ஸ் கார்புரேட்டர் மாட்டியது. அதுவும் வெபர் போலக் குறுகல் மாறாத இனம்தான். வால்வுகளைத் திறக்கும் கேமை மாற்றி, மலேசியாவின் செப்பாங் ஓடுதளத்தில் நிமிடத்துக்கு 6000 சுற்றுக்கு மேலேயே ஓட்டுவதானால் வாங்குங்கள்; சத்தமும் அபாரம். ஆனால் பழைய கார்களுக்கான கிளாசிக் திட்டத்தில் பதிந்த கார் ஆண்டில் குறிப்பிட்ட நாள்கள்தான் சாலைக்கு வரும். மற்ற நாளெல்லாம் அடுக்குமாடி நிறுத்துமிடத்தில் நிற்கையில் பெட்ரோல் ஆவியாகிப் பிசின் படியும். வெபரின் சும்மா ஓடும் ஜெட் துளை அரை மில்லிமீட்டர்தான். முதலில் அடைபடுவது அதுதான். எஸ்யூ ஜெட்டின் துளை இரண்டு மில்லிமீட்டருக்கும் மேல்.

எண்ணெய் ஊற்றி, சோதனையிலும் தேறி, இன்னும் தடுமாறினால் கார்புரேட்டரை விட்டுவிட்டு, தீப்பொறி மின்சாரத்தைச் சிலிண்டர்களுக்குப் பகிர்ந்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறங்கள். அதற்குள் தட்டோடு சேர்ந்து நகரும் மெல்லிய ஒயர் உறைக்குள்ளேயே அறுந்திருந்தாலும் இதே அறிகுறிதான் வரும்.