காந்தாரம் இல்லாத கிடார்

ஜூன் பிறந்தால் முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவுக்குத் தூக்கம் போச்சு. 21ஆம் தேதி புதுச்சேரியில் இசைத் திருநாள். பிரான்ஸில் 1982இல் தொடங்கி இங்கேயும் ஒட்டிக்கொண்ட வழக்கம். அதற்காக மாடி அறையில் பையன்கள் ஒத்திகை பார்க்கிறார்கள். அவர்கள் விடாமல் வாசிப்பது 'டூக்கி' ஆல்பம். கிரீன் டே என்ற அமெரிக்கக் குழு 1994 பிப்ரவரியில் வெளியிட்டது. இவர்களில் ஒருவர்கூட அப்போது பிறந்திருக்கவில்லை.

கிரீன் டே குழுவில் மூன்றே பேர்தான். ஆனால் சத்தம் பத்துப் பேர் வாசிப்பது போல் இருக்கும். ரெக்கார்டிங்கில் கிடாரை ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிவார்கள் என்பது சரி. மாடி அறையில் ஒற்றைக் கிடாருக்கும் எப்படி அந்தக் கனம் வருகிறது?

'பவர் கார்டு'தான் காரணம். கச்சேரி ரசிகருக்குப் புரியும்படி சொன்னால், சட்ஜமமும் பஞ்சமமும் மட்டும் சேர்ந்து ஒலிக்கும், வழக்கமான கார்டில் இருக்கும் காந்தாரம் கிடையாது. வழக்கமான சுருதியில் கிடாரின் தடித்த கம்பி 82.4 ஹெர்ட்ஸ், அதன் பஞ்சமம் 123.5. இரண்டுக்கும் விகிதம் ஏறக்குறைய 2:3. (இந்த ஆல்பத்தில் அரை சுரம் இறக்கி வாசித்திருப்பார்கள். எண்கள் மாறும், விகிதம் மாறாது.)

இப்போது ஆம்ப்ளிஃபயரில் தாங்கும் அளவுக்கு மேல் சிக்னலைத் திணித்தால் அலையின் உச்சி வெட்டுப்படும். அதுதான் டிஸ்டார்ஷன். வெட்டுப்பட்ட அலையில் கம்பிகளில் இல்லாத புதிய ஒலிகள் பிறக்கும். 123.5இலிருந்து 82.4ஐக் கழித்தால் 41 சொச்சம்: பேஸ் கிடாரின் கடைசிக் கம்பியின் சுருதி அதுவே! இரண்டையும் கூட்டினால் 206, அது 41.2இன் ஐந்து மடங்கு, அதாவது காந்தாரம். வாசிக்காமலேயே வந்துவிடுகிறது. தம்புராவில் சுயம்புவாகக் கேட்கும் காந்தாரமும் இதே ஐந்தாம் மடங்குதான்.

காந்தாரத்தையும் சேர்த்தே அடித்தால் என்ன? கிடார் கட்டைகளில் காந்தாரம் இயல்பான சுருதியைவிட 14 சென்ட் தூக்கலாக இருக்கும் (அரை சுரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்). பஞ்சமத்தின் பிசகு 2 சென்ட்தான். டிஸ்டார்ஷனில் அந்த 14 கூடுதலும் கழித்தலுமாகப் பெருகி, ஒலி கலங்கிவிடும். என்னைக் கேட்டால், இந்த இசையின் புத்திசாலித்தனமே எதை விடுவது என்று தெரிந்ததில் இருக்கிறது.

அப்புறம் வேகம். இதே ஆல்பத்தின் 'பாஸ்கெட் கேஸ்' பாட்டு நிமிடத்துக்குச் சுமார் 170 துடிப்பு. ஓடுபவரின் காலடி வேகம் அது. சீரான தாளம் கேட்டால், சும்மா உட்கார்ந்திருந்தாலும் மூளையில் அசைவைத் திட்டமிடும் பகுதிகள் விழித்துக்கொள்கின்றன.

பதின்வயதில் கேட்ட பாட்டு ஆயுளுக்கும் ஒட்டும் என்பது தொண்ணூறுகளின் ரசிகர்களுக்குப் பொருந்தும். இந்தப் பையன்களுக்கு எளிமைதான் ஈர்ப்பு: ஒரே விரலமைப்பைக் கிடாரின் கழுத்தில் மேலும் கீழும் நகர்த்தினால் ஆல்பத்தின் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும். டிரம் மட்டும் அப்படியில்லை. முதல் பாட்டான 'பர்ன்அவுட்'டில் டிரம்மர் ட்ரே கூல் உருட்டித் தள்ளும் இடங்களைப் பிடிக்க மாதக்கணக்காகும்.