கை மறந்ததை மனசு சொல்லாது

ஆத்தங்குடியில் ஒரு தரைக்கல் பட்டறை. பெரியவர் கண்ணாடி மேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாகச் சாயக் கலவையை ஊற்றி, அச்சை மெல்லத் தூக்கினார். ஒரு நூல் ஆடினாலும் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஆடவில்லை. "ஒரு மாசம் சும்மா இருந்துட்டு வந்தா மொதப் பத்துக் கல்லு விக்க ஆகாதுங்க" என்றார். கூட நின்ற என் பெரியப்பா மகன், "விமானத்துக்கும் இதே கணக்குதான்" என்றார்.

அண்ணன் டெக்சாஸில் வேலை பார்க்கிறார். சம்பளத்துக்காக இல்லாமல் ஆசைக்காகச் சிறு விமானம் ஓட்டுகிறவர். வீட்டு மராமத்துக்காக நான்கு மாதம் காரைக்குடியில் தங்கிவிட்டார். கடந்த 90 நாளில் 3 முறை விமானத்தை மேலெழுப்பித் தரையிறக்கியிருந்தால்தான் பயணியை ஏற்றலாம் என்பது அமெரிக்கச் சட்டம். தனியாகப் பறக்க அந்தத் தடை இல்லை. ஆனால் மறதி 90 நாள் முடியட்டும் என்று காத்திருக்காது.

லைசென்ஸ் வாங்கியவர்களை 8, 16, 24 மாதங்கள் கழித்து மறுபடி சோதித்த அமெரிக்க ஆய்வொன்று 1983-இல் வெளிவந்தது. திறமை வேகமாகக் குறைந்திருந்தது. யோசித்து, வரிசை தவறாமல் செய்யவேண்டிய வேலைகளில் சரிவு அதிகம். என்னை உலுக்கியது இன்னொன்று: தங்களுக்கு எது எவ்வளவு மறந்திருக்கும் என்று விமானிகள் போட்ட கணக்கு, சோதனை முடிவோடு ஒத்துப்போகவில்லை.

தரையிறங்கும் கடைசி நொடிகளைப் பாருங்கள். விமானம் தரையிலிருந்து பத்துப் பதினைந்து அடியில் இருக்கிறது. விமானி பார்வையை ஓடுதளத்தின் மறுகோடிக்குக் கொண்டுபோகிறார். இரு ஓரங்களும் கண்ணுக்குள் விரிந்துகொண்டே வரும்; அந்த விரிவுதான் உயரத்தைச் சொல்கிறது. அதற்கு ஏற்றாற்போல் மூக்கை மெல்லத் தூக்க வேண்டும். சீக்கிரம் இழுத்தால் விமானம் மேலெழும்பி, வேகம் குன்றி, பொத்தென்று விழும். தாமதித்தால் முன்சக்கரம் முதலில் அடிக்கும். யோசிக்க நேரம் கிடையாது, கண் சொல்வதைக் கை கேட்டாக வேண்டும். இடைவெளி விட்டால் முதலில் கெடுவது இந்தப் பேச்சுவார்த்தைதான்.

அடுத்தது காற்று. 15 நாட் (மணிக்குச் சுமார் 28 கி.மீ.) காற்று ஓடுதளத்துக்கு 30 பாகைச் சாய்வில் அடித்தால் அதில் பக்கவாட்டாக வரும் பங்கு ஏழரை நாட். அதுவே 60 பாகையானால் 13. செஸ்னா 172 என்ற சிறு விமானத்தின் கையேட்டில் பக்கக்காற்றுக்கு 15 நாட் என்றிருக்கும். தேர்ந்த சோதனை விமானி செய்துகாட்டிய அளவு அது. நான்கு மாதம் மராமத்து வேலை பார்த்தவருக்கு அது பொருந்தாது.

வெயிலும் சேரும். செட்டிநாட்டில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று உண்டு. கடல்மட்டத்துக்குச் சுமார் 300 அடி மேலே. 38 டிகிரி வெயிலில் அங்கே காற்று அடர்த்தி குறைந்து, 3,000 அடி உயரத்தில் இருப்பதுபோல் ஆகிவிடும். எஞ்சின் இழுவை குறையும், மேலெழ அதிக தூரம் ஓட வேண்டும். டெக்சாஸ் கோடையும் இதே ரகம்தான்.

இவற்றைவிட எனக்குப் பயம் தருவது ஆசையோடு காத்திருக்கும் சொந்தக்காரர்கள். அண்ணன் டெக்சாஸ் திரும்பும்போது எங்கள் அத்தையும் கூடப் போவதாக இருந்தது. "எறங்கின மறுநாளே மேல கூட்டிட்டுப் போயிடுப்பா" என்றார் அத்தை. ஓடுதளத்தில் அத்தையின் முகத்தைப் பார்த்தபின் மறுக்க நாக்கு வராது. அதனால் அண்ணன் இங்கேயே, திண்ணையில் உட்கார்ந்து எழுதினார்: முதல் ஒரு மணி நேரம் பயிற்றுநரோடு, பக்கக்காற்று 5 நாட் தாண்டினால் பறப்பதில்லை, அத்தை இரண்டாவது வாரம்.

போன வாரம் அண்ணன் டெக்சாஸிலிருந்து பேசினார். பயிற்றுநரோடு போட்ட மூன்று இறக்கத்தில் முதலிரண்டும் எழும்பி விழுந்தனவாம்.